கொரட்டூர் ஏரியும் எட்டு எலக்ட்ரானும்

கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலந்த விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது தெரிந்ததே. கழிவுநீர் என்றாலே அம்மோனியா வரும். அதன் கணக்கு என்ன? (காமர்ஸ் மக்களும் பயப்படாமல் படிக்கலாம், வெறும் பற்று வரவுதான்!)

நைட்ரஜனின் வெளிக்கூட்டில் 5 எலக்ட்ரான், மூன்று ஹைட்ரஜனுக்கு 3. ஆக மொத்தம் 8. மூன்று பிணைப்புக்கு 6 செலவு, கையிருப்பு ஒரு ஜோடி. இப்படி ஜோடி ஜோடியாக எண்ணும் வழியை 1916-ல் காட்டியவர் லூயிஸ்.

அந்த ஜோடி ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டால் அது அம்மோனியம். 5 + 4, நேர்மின்சுமைக்காக 1 கழித்தால், மறுபடியும் 8! கணக்கு மாறவில்லை, விஷம் மட்டும் வெகுவாகக் குறைகிறது.

ஆனால் வெயிலில் பாசி பெருத்துத் தண்ணீரின் காரத்தன்மை ஏறினால், அம்மோனியம் திரும்ப அம்மோனியா ஆகும். மீனின் செவுள் வழியே எளிதாக உள்ளே புகும். நோட்டில் இரண்டும் 8 தான்... ஏரி மீனுக்குத்தான் அது உயிர்ப் பிரச்சினை.