சர்க்கரைக் கணக்கும் இரும்புக் கணக்கும்



கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் நம் வயதுக்காரர்கள் முன்பெல்லாம் பஞ்சப்படி எத்தனை சதவீதம் ஏறியது என்று பேசுவார்கள். இப்போது, "மூன்று மாத சர்க்கரை எவ்வளவு?" என்றுதான் பேச்சு தொடங்குகிறது. அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதை எங்கள் வீட்டில் போன வருஷம் தெரிந்துகொண்டோம். குறிப்பாக நம்மைப் போன்ற சைவ உணவுக்காரர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்த எண் என்னவென்று பார்ப்போம். ரத்தத்தின் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கிறது. அந்த நாட்களில் ரத்தத்திலுள்ள சர்க்கரை அதிலிருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்பதே எச்.பி.ஏ.1சி. 5.7க்குக் கீழே இருந்தால் நல்லது. 6.4 வரை எல்லைக்கோடு. 6.5 முதல் நீரிழிவு.

என் துணைவியாருக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் மாத்திரையோடு இன்னொன்றும் உண்டு. போன வருஷ ரிப்போர்ட்டில் 7.6 வந்தது. 7.6 என்றால் சராசரி சர்க்கரை 170ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டு மீட்டரில் வெறும் வயிற்றில் 110, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 150க்கு மேல் போனதில்லை. ரொக்கப் புத்தகமும் வங்கிப் பாஸ்புக்கும் ஒத்துப்போகாவிட்டால் கையெழுத்துப் போடாதே என்று முப்பத்தைந்து வருஷம் பழகிய குமாஸ்தா நான். மீட்டரில் வந்த எண்களைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டினேன்.

இளம் வயது மருத்துவர். இரண்டாவது மாத்திரையைக் கூட்டுவதற்காகப் பேனாவை எடுத்தவர், நோட்டைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டார். "அம்மா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதா?" என்று கேட்டார். "வாங்குது தம்பி, வயசாச்சில்ல" என்றார் இவர். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.2. உடம்பில் சேமித்துள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 7.

விஷயம் இதுதான். இரும்பு குறைந்தால் புதிய சிவப்பணு உருவாவது மந்தமாகிறது. ரத்தத்தில் பழைய அணுக்களின் பங்கு கூடுகிறது. பழைய அணுவில் அதிக நாள் சர்க்கரை ஒட்டியிருக்கும். அதனால் உண்மைச் சர்க்கரை ஏறாமலேயே எச்.பி.ஏ.1சி ஏறிக் காட்டலாம். அதை நம்பி மாத்திரையைக் கூட்டியிருந்தால், நடுராத்திரியில் சர்க்கரை இறங்கி மயங்கி விழும் அபாயம் இருந்தது. நம் வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த வயதில் இரும்பு குறைந்தால் வயிற்றுக்குள் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி இரண்டும் செய்தார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, ஒன்றும் இல்லை. உணவும், பல வருஷமாகப் போடும் அசிடிட்டி மாத்திரையும்தான் காரணம் என்றார் மருத்துவர். இரைப்பையில் அமிலம் குறைந்தால் இரும்பு சரியாகச் சேராது.

சின்ன வயதில் பள்ளியில் தாது உப்புகளை "செல் மினெரோ" என்று மனப்பாடம் செய்தோம். எந்தக் காயில் என்ன உப்பு என்று அட்டவணை ஒப்பிப்போம். தட்டில் இருப்பதெல்லாம் உடம்பில் சேராது என்பது அந்த அட்டவணையில் இல்லை. கீரை, பருப்பு, தானியத்திலுள்ள இரும்பு இறைச்சியிலுள்ள இரும்பைப் போல எளிதில் சேராது. தானியத்திலும் பருப்பிலும் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைப்பது, முளைகட்டுவது, மாவைப் புளிக்கவைப்பது எல்லாம் அந்தப் பிடியைத் தளர்த்தும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்பு சேர உதவும். சாப்பாட்டோடு குடிக்கும் காப்பியும் டீயும் தடுக்கும். எங்கள் வீட்டில் இட்லிக்குக் கூடவே வந்த காப்பி இப்போது ஒரு மணி நேரம் தள்ளி வருகிறது. "என்னங்க, இது ஒரு தண்டனையா?" என்று இவர் முதல் வாரம் முழுக்கக் கேட்டார்.

இன்னொன்று பி12. இது வைட்டமின் என்றாலும் நடுவில் கோபால்ட் என்ற தாது இருக்கிறது. காய்கறியில் கிடைக்காது. சைவர்களுக்குப் பால், தயிர், மோர்தான் வழி. மெட்ஃபார்மின் நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 குறையலாம். கால் மரத்துப்போனால் சர்க்கரையால்தான் என்று எல்லோரும் நினைப்போம். பி12 குறைவாலும் அப்படி ஆகும். மெட்ஃபார்மினை மனிதர்களுக்குச் சர்க்கரை மருந்தாகக் கொடுத்து 1957இல் எழுதியவர் ழான் ஸ்தேர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர். அவர் வைத்த பெயர் குளுக்கோஃபாஜ், அதாவது சர்க்கரை தின்னி. பிரெஞ்சு படித்த நமக்கு அந்தப் பெயரே பாதி பாடம்.

கேழ்வரகைப் பற்றியும் கேட்கிறார்கள். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மை. ஆனால் நைசாக அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். காய், கீரை சேர்த்து அடையாகச் செய்து அளவாகச் சாப்பிடலாம்.

மருத்துவர் சொன்னபடி இரும்பு மாத்திரை போட்டு ஐந்து மாதத்தில் ஹீமோகுளோபின் 11.8 ஆனது. எச்.பி.ஏ.1சி 6.6. சர்க்கரை மாத்திரை பழைய அளவுதான். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக இரும்பு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். இரும்பு மிஞ்சினாலும் கணையத்துக்குக் கேடு. அடுத்த முறை ரிப்போர்ட் வாங்கும்போது சர்க்கரை வரியோடு ஹீமோகுளோபின் வரியையும் பாருங்கள். வீட்டு மீட்டரோடு ஒத்துப்போகாவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள். மீட்டர் எண்களை எழுதி வைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.