சாரதியும் முதலாளியும் ஒருவரே

ஏ-9 பாதை 2009இல் மீளத் திறக்கப்பட்டதன் பின்னர், சொந்த லொறியைத் தாமே ஓட்டிப் பிழைத்த பலரோடு பேசியிருக்கிறேன். நான் கண்டவரையில், சுமை கிடைக்காமல் நொடித்தவர்களை விடக் கணக்குப் பிழைத்து நொடித்தவர்களே அதிகம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வெங்காயம் இறக்கிய லொறி வெறுமையாகத் திரும்பினால், ஒருவழி வாடகையே இருவழி டீசலையும் தாங்கவேண்டும். எஞ்சுவது முழுவதும் இலாபமன்று. தேயும் ரயருக்கும் லீசிங் தவணைக்கும் அதிலிருந்தே எடுக்கவேண்டும்.

2021 டிசம்பர் இறுதியில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவாயிற்று. அதற்கும் நாட்கணக்கில் வரிசை. லொறி நின்றது, வட்டி நிற்கவில்லை. நானறிந்த சிலர் லொறியையே பறிகொடுத்தனர். தப்பியவர்களோ, சாரதிக்குரிய சம்பளத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுசென்று, முதலாளியின் பங்கை லொறிக்கென்றே ஒதுக்கி வைத்தவர்கள்.