கால்விரிப்பில் தேங்கிய நீர்



மகிழுந்தின் குளிரூட்டியைப் பற்றித் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்தி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என நீங்கள் எண்ணக்கூடும். கிள்ளானில் குடியிருந்து, பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கு நாள்தோறும் கூட்டரசு நெடுஞ்சாலையில் சென்று வருபவர்களுக்கு அந்த ஐயம் எழாது. காலையில் சன்னலைத் திறந்துகொண்டே போய்விடலாம். பிற்பகலில் பத்து தீகா அருகே வாகனங்கள் ஊர்ந்து ஊர்ந்து நிற்கும்போதுதான் ‘ஏர்கான்’ என்பதன் அருமை விளங்கும்.

என்னுடன் பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவனும் வருவான். எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவன். ஒரு நாள் வீடு வந்து சேர்ந்தபோது, அவன் கால் வைத்திருந்த இடத்தில் விரிப்பு நனைந்திருந்தது. நீர்ப்புட்டியைச் சரியாக மூடவில்லை என்று கடிந்துகொண்டேன். “நான் ஊத்தலை டீச்சர்” என்றான். மறுநாளும் ஈரம். அன்று சற்றுக் கடுமையாகவே பேசினேன். ஈரத்தைவிட அவன் பொய் சொல்கிறான் என்பதே எனக்குச் சினமூட்டியது. மூன்றாம் நாள் முதல் நீர்ப்புட்டியை வாங்கிப் பின்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவ்வார இறுதிவரை அந்த வெயிலில் தாகத்தோடு வந்தான், வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் நீர் குளமாக நின்றது!

சனிக்கிழமை காலை வாகனக் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. அக்காற்று, முன்பலகையின் உள்ளே இருக்கும் ‘கூலிங் காயில்’ மீது படும்போது, குளிர்நீர்க் குவளையின் வெளிப்புறத்தில் வேர்ப்பதுபோல் நீர்த்துளிகள் திரள்கின்றன. அந்நீர் ஒரு சிறு குழாய் வழியாக வாகனத்தின் அடியில் சொட்ட வேண்டும். நிறுத்தி வைத்த மகிழுந்தின் கீழே தெளிந்த நீர் சொட்டினால் அது பழுதன்று, நலத்தின் அறிகுறி. என் மகிழுந்தின் கீழே சில வாரங்களாகவே தரை காய்ந்து கிடந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை. குழாய் அடைபட்டதால் நீர் உள்ளேயே, இடப்பக்க இருக்கையின் காலடியில் வழிந்திருக்கிறது. அடைத்தது எது? வடிகட்டியை மாற்றாமல் விட்ட இரண்டாண்டுத் தூசியும், அது நீரோடு கலந்து உண்டான சேறும்.

குழாயின் வெளிமுனையை என் மகிழுந்தில் இடப்பக்கம், என்ஜின் அறைக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் காணலாம். மென்மையான நெகிழிக் கம்பியை விரலளவு மட்டும் நுழைத்து மெல்ல அசைத்தேன். கரிய நீர் கைமேல் கொட்டியது. கூரான கம்பியைக் கொண்டு ஆழமாகக் குத்திவிடக் கூடாது. உள்ளிருக்கும் காயில் துளைபட்டால் செலவு பன்மடங்காகும்.

வடிகட்டி பெரும்பாலான வாகனங்களில் முன்பெட்டியின் பின்னால் இருக்கிறது. பெட்டியின் இருபக்கங்களையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே இறங்கும். புதியதைப் பொருத்தும்போது அதிலுள்ள அம்புக்குறி காற்று செல்லும் திசையில் இருக்க வேண்டும். எனக்கு இருபது வெள்ளியும் பத்து நிமிடமும் ஆயின. சில பழைய வாகனங்களில் வடிகட்டியே கிடையாது. அவற்றில் தூசி நேரே காயிலுக்குப் போகும்.

புகைமூட்டக் காலத்தில் இதன் தேவை இன்னும் கூடும். 2005 ஆகஸ்டு 11ஆம் நாள் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியது, பள்ளிகள் மூடப்பட்டன. அத்தகைய நாள்களில் வெளிக்காற்று நுழையாதபடி உட்சுழற்சிப் பொத்தானை அழுத்திவிடுகிறோம். சரிதான். ஆயினும் நான்கைந்து பேர் நெடுநேரம் அப்படியே பயணித்தால் கரியமிலவாயு பெருகித் தூக்கம் கண்ணைச் சுழற்றும். இடையிடையே சற்று வெளிக்காற்றை விடுவது ஓட்டுநருக்கு நல்லது.

ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரையும், என்ஜின் ஆறிய பின்னர், மென்மையாக நீர் தெளித்துக் கழுவினேன். அதன் தகடுகள் காகிதம் போன்றவை; வேகமான நீர்ப்பீச்சு அவற்றை வளைத்துவிடும்.

இவ்வளவும் செய்த ஊக்கத்தில், கேஸையும் நானே நிரப்பிவிடலாம் என்று ஒரு சிறு கலனை விலை விசாரிக்கவும் புறப்பட்டேன். திங்கட்கிழமை சிறுவனிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்டான்: “போன வருஷம் ஊத்தின கேஸ் எங்க போச்சு டீச்சர்?”

நியாயமான வினா. குளிரூட்டி வாயு எண்ணெய்போல் எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. கணிசமாகக் குறைந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருந்தால் அதுவே கசிவிடமாக இருக்கலாம். இதை நாமே பார்த்துப் பட்டறையில் சொல்லலாம். ஆண்டுதோறும் கேஸ் நிரப்பச் சொன்ன பட்டறையில் நானும் ஒருமுறைகூட இக்கேள்வியைக் கேட்டதில்லை.

பழைய ஆர்-12 வாயு ஓசோன் படலத்தை அரித்தது. 1987இல் மொன்ரியல் உடன்படிக்கை உருவானது. மலேசியா 1989இல் அதில் இணைந்தது. அதற்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்யாது. எனினும் புவியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில், கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு வலியது. சிறிய மகிழுந்தில் உள்ள அரைக் கிலோ வாயு வெளியேறினால் 700 கிலோ கரியமிலவாயுவை விட்டதற்கு ஒப்பாகும். இதனால்தான் 2016இல் கிகாலியில் இத்தகைய வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க நாடுகள் உடன்பட்டன. மேலும் அவ்வாயு சுழியத்திற்குக் கீழ் 26 பாகையிலேயே கொதிப்பது. கையில் பீச்சினால் தோல் உறைந்து புண்ணாகும். அளவுக்கு மீறி நிரப்பினால் அழுத்தம் ஏறிக் குளிர்ச்சி குறையும், கம்ப்ரசரும் கெடும். ஆகவே கலன் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். கசிவைத் தேடியடைத்து, வெற்றிடமாக்கி, எடை பார்த்து நிரப்பும் பட்டறை ஒன்றுக்குத்தான் போனேன்.

அதே திங்கட்கிழமை, வண்டியில் ஏறுமுன், தவறு என்னுடையது என்று அவனிடம் சொன்னேன். நீர்ப்புட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். “நான்தான் சொன்னேனே டீச்சர்” என்றான். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. மாணவனிடம் மன்னிப்புக் கேட்பது இத்தனை ஆண்டுப் பணியில் எனக்கு அவ்வளவு பழக்கமில்லாத செயல். முகம் சற்றுச் சிவந்துதான் போயிற்று.

இப்போது பிற்பகலில் வீடு வந்து இறங்கியதும் பையைக்கூட எடுக்காமல் குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கிறான். “சொட்டுது டீச்சர்!” என்று கூவிவிட்டுத்தான் வீட்டிற்குள் ஓடுகிறான்.