காம்பைச் சுற்றி

மகள் பிறந்த ஆறாவது வாரம் செதில் திரும்பி வந்தது. கர்ப்பக் காலம் முழுக்க முழங்கை வழுவழுவென்றிருந்ததால், காளாஞ்சகப்படை போய்த் தொலைந்தது என்று நம்பியிருந்தேன். வயிற்றில் பிள்ளை இருக்கையில் பலருக்கும் சோரியாசிஸ் அடங்கும், பெற்றபின் சீறிக்கொண்டு வரும் என்று யாரும் சொல்லவில்லை. இம்முறை மார்க்காம்பைச் சுற்றியும் வந்தது. உரசல் பட்ட தோலில் முளைக்கிற நோய் அது. எனக்கு உரசல் குழந்தையின் வாய்.

"ஒட்டிக்கும்டி, புட்டிப்பால் குடு" என்றார் பெரியம்மா. ஒட்டாது. ஆனால் சேத்தியாத்தோப்பு வீட்டில் என் முனைவர் பட்டத்தைவிட அவர் சொல்லுக்கு எடை அதிகம்.

கடைத்தெருவில் சீட்டு கேட்காமலே குளோபெட்டசால் களிம்பு கொடுத்தார்கள். (14 பூச்சு ஸ்டீராய்டுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது 2018இல்தான்.) முதலில் பார்த்த தோல் மருத்துவர் என் முகத்தைப் பார்க்காமலே, "மருந்து வேணும்னா பாலை நிறுத்திடுங்க" என்றார். மருந்தா, பாலா? அவ்வளவுதான் கேள்வி என்பதுபோல.

இரண்டாவதாகப் பார்த்த பெண் மருத்துவர்தான் உட்காரவைத்துப் பேசினார். கை, காலில் சிறு பரப்பில் பூசும் மிதமான ஸ்டீராய்டு ரத்தத்தில் சேர்வது சொற்பம். பாலுக்குப் போவது அதிலும் சொற்பம். அஞ்ச வேண்டிய இடம் காம்பு. அங்கே பூசியதைக் குழந்தை நேரே விழுங்கும். காம்பில் ஸ்டீராய்டு பூசிவந்த ஒரு தாயின் கைக்குழந்தைக்கு ரத்த அழுத்தம் ஏறியது மருத்துவ ஏட்டில் பதிவாகியிருக்கிறது. அதனால் மாருக்கு வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோன், அதுவும் பாரஃபின் பிசுக்குள்ள களிம்பாக இல்லாமல் கிரீமாக. பால் கொடுத்து முடித்ததும் மெல்லிசாக. அடுத்த பாலுக்கு முன் துடைத்துவிட வேண்டும். கால்சிபோட்ரியால் முழங்கைக்கு மட்டும். தாரும் சாலிசிலிக் அமிலமும் மாரில் கூடாது. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை என்றால்தான் பாலை நிறுத்தும் பேச்சே.

அம்மா வெப்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தார். எண்ணெய் ஊதாவாக மாறியது. "பச்சிலைதானே, மாருக்கும் போடு." முழங்காலுக்குப் போட்டுக்கொண்டேன். பிள்ளை வாயில் போகும் என்கிற கணக்கு பச்சிலைக்கும் உண்டில்லையா?

மகள் பதினான்கு மாதம் குடித்தாள். இரவு இரண்டு மணிக்கு அவள் சிணுங்கும்போதெல்லாம், வெந்நீரில் பிழிந்த துணியோடு முதலில் எழுந்து வந்தவர் பெரியம்மா. ஒட்டாது என்பதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.