கரையிலேயே கேட்க வேண்டிய குரல்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலுள்ள கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறினால், தடத்தின் கடைசி நிலையம் கிள்ளான் துறைமுகம். நிலையத்துக்கு அருகிலேயே படகுத்துறை உள்ளது. பூலாவ் கெத்தாம் எனப்படும் நண்டுத் தீவுக்குப் பயணிகள் அங்கிருந்துதான் படகேறுகிறார்கள். 1901இல் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் என்ற பெயரில் திறக்கப்பட்ட இடம் அது. இன்று பெருங்கப்பல்கள் கொள்கலன்களை ஏற்றி இறக்கும் அந்த நீர்ப்பரப்பில் சிறிய மீன்பிடிப் படகுகளும் ஓடுகின்றன. சில படகுகளில் இயந்திரம் பின்புறம் தொங்கும். வேறு சிலவற்றில் அது படகின் வயிற்றுக்குள், பலகைகளுக்கு அடியில் மறைந்திருக்கும். கண்ணில் படாததாலேயே அதன்மீது கவனிப்பும் குறைந்துவிடுகிறது.

கார் நின்றுபோனால் சாலையோரம் ஒதுங்கலாம். கடலுக்கு ஓரம் இல்லை. கிள்ளான் துறைமுகப் பகுதியில் கடல்நீர் பொங்கி வற்றும் அளவு சில நாள்களில் நான்கு மீட்டரைத் தாண்டும். அவ்வளவு நீர் ஓடும்போது, இயந்திரம் நின்ற படகு அதன் போக்கிலேயே இழுபடும். அப்பால் இருப்பதோ உலகின் பரபரப்பான கப்பல் வழிகளுள் ஒன்றான மலாக்கா நீரிணை. அதனால்தான் பழைய இயந்திரத்தைச் சீர்செய்யும் வேலையைக் கரையிலேயே, அவசரப்படாமல் செய்ய வேண்டியிருக்கிறது.

ஜெர்மானியப் பொறியாளர் ருடோல்ஃப் டீசல் 1897இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இயந்திரத்தின் வழிவந்தவையே இன்றைய டீசல் இயந்திரங்கள். 1933இல் ஜப்பானின் யன்மார் நிறுவனம் அதைச் சிறிய உருவில் செய்து காட்டியது. இதில் தீப்பொறிக்கு வேலையில்லை. சிலிண்டருக்குள் காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கப்படும்போது 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் இன்ஜெக்டர் டீசலைப் பனிபோலத் தூவுகிறது. டீசல் தானே பற்றிக்கொள்கிறது. எரிபொருளில் அழுக்கு சேர்ந்தாலோ, நெருக்கிய காற்று கசிந்தாலோ இயந்திரம் முனகத் தொடங்கும்.

முனகல் கேட்டவுடன் பலரும் சந்தேகப்படுவது விலை உயர்ந்த எரிபொருள் பம்பைத்தான். இது தவறான தொடக்கம். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் தொடுவது மலிவான வடிகட்டியை. பாதி காலியான தொட்டியில் ஈரக்காற்று குளிர்ந்து நீர்த்துளிகளாகி அடியில் தங்கும். அந்த நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, வழவழப்பான கசடாக வடிகட்டியை அடைக்கும். வடிகட்டியை மாற்றிய பிறகு குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கான திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினால், முதலில் நுரையாகவும் பிறகு குமிழியின்றியும் டீசல் வரும். ஒரே ஒரு காற்றுக்குமிழி போதும், நல்ல இயந்திரத்தையும் முடக்கிவிட.

அடுத்தது வால்வு இடைவெளி. பல சிறிய டீசல் இயந்திரங்களில் இது சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். மெல்லிய எஃகுத் தகட்டை இடைவெளியில் நுழைத்து அளப்பார்கள். தகடு சற்றே உரசியபடி நகர வேண்டும். இடைவெளி கூடினால் ‘டக் டக்’ என்று ஓசை எழும். குறைந்தால் ஓசையே இராது. ஆனால் வால்வு முழுதாக மூடாமல், சூடான வாயு கசிந்து அதன் விளிம்பையே எரித்துவிடும். ஓசையிடும் வால்வைவிட ஓசையின்றி இருக்கும் வால்வுதான் சில சமயம் ஆபத்தானது! சரியான அளவு அந்தந்த இயந்திரத்தின் கையேட்டில் இருக்கும். மனப்பாடமாகத் தெரியும் என்று சொல்பவரும் ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பது நல்லது.

ஓசையைக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. நீண்ட திருப்புளியின் முனையை இயந்திரத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார்கள், மருத்துவர் நெஞ்சுத் துடிப்பைக் கேட்பதுபோல. புகையும் பேசும். கரும்புகை என்றால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது சுமை அதிகம். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. ஓடிச் சூடான பிறகும் வெண்புகை வந்தால், எரியாத டீசலோ உள்ளே புகுந்த நீரோ காரணமாகலாம். ஆனால் இன்ஜெக்டர் குழாய்க்கு அருகில் கை வைத்துக் கசிவைத் தேடக்கூடாது. அழுத்தத்தோடு பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்றுவிடும்.

கிள்ளான் போன்ற ஆற்றுமுகத்தில் பெரிய தொல்லை சேறு. இயந்திரத்தைக் குளிர்விக்கும் பம்புக்குள் ரப்பர் இதழ்கள் கொண்ட சிறு சக்கரம் ஒன்று சுழல்கிறது. சேறும் மணலும் அதைத் தேய்க்கும். பிளாஸ்டிக் பை ஒன்று நீர்வாயை அடைத்தால், நீரின்றிச் சுழலும் அந்த ரப்பர் சிறிது நேரத்திலேயே கிழியும். புதிய சக்கரத்தை மாட்டுவது எளிது. உடைந்து போன இதழ்த் துண்டுகளைத் தேடி எடுப்பதுதான் வேலை. அவை குழாய்க்குள் எங்கேனும் சிக்கி, பிறகு ஒருநாள் நடுக்கடலில் இயந்திரத்தைக் கொதிக்க வைக்கும். பழைய இதழ்களை எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்தாலும் தேடுகிறவரே நல்ல மெக்கானிக்.

பழைய எண்ணெயை இயந்திரம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடிப்பார்கள். அது பால்போல வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது என்று பொருள். வடித்த எண்ணெய் கலத்தில் சேர வேண்டியது, அலையாத்திக் காட்டின் சேற்றில் அல்ல. நண்டுத் தீவின் பெயரே அந்தச் சேற்றில் வாழும் உயிரிலிருந்து வந்தது.

எல்லாம் முடிந்ததும் உடனே புறப்படுவதில்லை. படகைத் துறையிலேயே இறுகக் கட்டி, கியர் போட்டு, அரைமணி நேரம் ஓடவிடுவார்கள். புகைக்குழாயிலிருந்து நீர் தடையின்றி வருகிறதா என்று ஒருவர் பார்ப்பார். இன்னொருவர் பலகையைத் தூக்கி, இயந்திரத்துக்கு அடியில் விரித்த பழைய செய்தித்தாளில் எங்காவது எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று குனிந்து தேடுவார். தாள் உலர்ந்திருந்தால்தான் கயிற்றை அவிழ்ப்பார்கள்.