தொலைவிலிருந்து ஒரு கை

ஓரிடத்திலுள்ள கணினியை வேறோரிடத்திலிருந்து இயக்கும் முயற்சி நேற்று முளைத்ததன்று. 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இரவு, லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மாணவர் சார்லி கிளைன், சுமார் 500 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தின் கணினிக்குள் நுழைய முயன்றார். ‘லாகின்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். மறுமுனையில் பில் டுவால் என்பவர் தொலைபேசி வழியே, எழுத்துகள் வந்து சேர்ந்ததை உறுதிப்படுத்திக்கொண்டிருந்தார். இரண்டு எழுத்துகள் சென்றன; மூன்றாவதில் அங்கிருந்த கணினி செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே முயற்சி கைகூடியது. இணையத்தின் மூதாதையான ஆர்பாநெட் வலையமைப்பில் சென்ற முதற்செய்தி இதுவே. பிறர் வீட்டு வாயிலில் நின்று ‘உள்ளே வரலாமா?’ என்று கேட்பதைப் போன்றதொரு சொல்லோடுதான் இணையத்தின் வரலாறு தொடங்கியது என்பதை நினைக்கும்தோறும் நமக்கு வியப்புண்டாகிறது.

இந்தக் கேள்வி அண்மைக்காலமாக நம் குடும்பத்துக்கும் உரியதாயிற்று. பாளையங்கோட்டையில் நம் அன்னையார் தனியே வாழ்கிறார். மறைந்த தந்தையார் பயன்படுத்திய மேசைக்கணினி அங்கேயே இருக்கிறது. அவர் எழுதிய கடிதங்கள், வீட்டுக் கணக்குகள், நிலப் பத்திரங்களின் நகல்கள், குடும்பப் படங்கள் யாவும் அதனுள் அடங்கியுள்ளன. நாமோ 600 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருக்கிறோம். கணினியைச் சென்னைக்குக் கொண்டுவந்துவிடலாமே என்றபோது அன்னையார் இசையவில்லை. “அவுக உக்காந்த மேசை வெறுமனே கெடக்க வேண்டாம்” என்றார். அதற்குமேல் நாம் வற்புறுத்தவில்லை. நம் மடிக்கணினியிலிருந்தே அதனை இயக்க வழி செய்துகொண்டோம்.

இதன் செயல்முறை எளியதே. வீட்டுக் கணினியின் திரையில் தோன்றுவது படமாக நம்மிடம் வருகிறது. நாம் தட்டும் எழுத்தும் நகர்த்தும் சுட்டியும் அங்கே செல்கின்றன. வேலை நடப்பது அங்கே. நாம் காண்பது அதன் சாயல் மட்டுமே. 1998இல் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடமொன்று ‘வி.என்.சி.’ என்னும் இத்தகைய மென்பொருளை யாவர்க்கும் இலவசமாக வழங்கியது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் புரொஃபஷனல் பதிப்பில் இவ்வசதி உடனிணைந்தே வந்தது. இன்றோ வீட்டுக் கணினியும் மடிக்கணினியும் இடையிலுள்ள பொதுக் கணினியொன்றைத் தனித்தனியே நாடி, அதன் வாயிலாக ஒன்றையொன்று கண்டுகொள்ளும் முறை பரவலாகியுள்ளது. இவ்வழியில் நிலப் பத்திரத்தின் நகலை ஐந்தே நிமிடங்களில் நாம் பெற்றிருக்கிறோம். அன்னையாரின் ஓய்வூதியப் படிவத்தையும் இங்கிருந்தே நிரப்பியிருக்கிறோம்.

ஆயினும் இந்த நீண்ட கைக்கு எட்டாதவையும் உண்டு. மின்சாரம் தடைப்பட்டு அணைந்த கணினியை நம்மால் இங்கிருந்து எழுப்ப இயலாது. அன்னையார் கூடத்திலிருந்து மெல்ல நடந்து சென்று பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திவிட்டு, கைப்பேசியைக் காதில் வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அம்பு தானாக அசையும். உடனே, “நீதானா?” என்று கேட்பார். “நாந்தாம்மா” என்று நாம் சொன்ன பிறகே நாற்காலியில் அமர்வார்.

அவரது அனுமதியை ஒவ்வொரு முறையும் கேளாமல், நிலையான கடவுச்சொல் ஒன்றை அமைத்து, வேண்டும்போதெல்லாம் உள்ளே செல்லும் வழியும் உண்டு. அன்னையாருக்குச் சிரமம் குறையுமே என்று நாம் அதனை விளக்கினோம். பொறுமையாகக் கேட்டவர், “அப்போ நான் தூங்கும்போதும் வருவியா?” என்றார். அதில் கோபம் இல்லை. உண்மையான ஐயமே இருந்தது. பெற்ற பிள்ளையே ஆனாலும் கதவைத் தட்டிவிட்டு வருவதுதானே முறை? திரையில் தோன்றும் இசைவுக் கட்டத்தை அவரே அழுத்தினால்தான் நாம் நுழையலாம் என்னும் அமைப்பையே வைத்துக்கொண்டோம்.

அந்தச் சிறு ஒழுங்கின் அருமை சென்ற ஆண்டு விளங்கிற்று. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவன் அன்னையாரை அழைத்தான். கணக்கு முடங்கப்போகிறது என்றும், தான் சொல்லும் மென்பொருளை நிறுவி அதில் தோன்றும் எண்ணைப் படித்துச் சொன்னால் தானே சரிசெய்து தருவதாகவும் கூறினான். எண்ணிப் பாருங்கள்: நாம் அன்போடு செய்யச் சொன்னதையே அவன் வஞ்சத்தோடு செய்யச் சொன்னான். கருவி ஒன்றே, எண்ணைக் கேட்கும் முறையும் ஒன்றே. தானாக அசையும் அம்பும் ஒன்றுபோலவே இருந்திருக்கும். 2019 பிப்ரவரியிலேயே இந்திய ரிசர்வ் வங்கி இவ்வகை மோசடி குறித்து வங்கிகளை எச்சரித்தது. அவ்வெச்சரிக்கையை அன்னையார் அறியார். அவர் அறிந்ததெல்லாம், பெட்டியைத் தொடுமுன் நம்மைக் கேட்க வேண்டும் என்பது ஒன்றே. “என் பிள்ளைகிட்ட கேட்டுக்கிடுதேன்” என்று இணைப்பைத் துண்டித்துவிட்டு, நம் எண்ணுக்குத் தாமே அழைத்தார். அந்த ஓர் அழைப்பால் அவரது வாழ்நாள் சேமிப்பு தப்பியது.

1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், வலையமைப்பினூடே சென்ற கடவுச்சொற்களை எவரோ ஒட்டுக்கேட்டுத் திருடினர். அதன் விளைவாகத் தத்து இலோனன் என்பவர் ‘எஸ்.எஸ்.எச்.’ என்னும் மறைகுறியீட்டு முறையை உருவாக்கினார். வழியிலே நிற்கும் திருடனுக்கு அத்தகைய பூட்டுகள் போதும். ஆனால் வீட்டிலிருப்பவரே நம்பிக் கதவைத் திறக்கும்படி பேசுபவனை எந்தப் பூட்டும் தடுப்பதில்லை. அங்கே காவல், உள்ளே இருப்பவரின் தெளிவே. அத்தெளிவை நம் முதியோருக்குத் தருவது பிள்ளைகளாகிய நம் கடமை.

பிள்ளைகள் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும், பெற்றோர் ஊரிலும் என்று வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களுக்கு இக்கருவி பேருதவியே. அஞ்சி ஒதுக்க வேண்டியதில்லை. மூன்று முறைகளை மட்டும் கைக்கொண்டால் போதும். ஒன்று, இசைவின்றி நுழையாதிருத்தல். இரண்டு, எவர் அழைத்து எண் கேட்டாலும் சொல்லாமல், தமக்குத் தெரிந்த எண்ணுக்குத் தாமே திரும்ப அழைக்கும்படி பெரியோரைப் பழக்குதல். மூன்று, வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அதை வாய்விட்டும் சொல்லுதல்.

மூன்றாவதை நாம் அன்னையாரிடமே கற்றோம். அம்பு நின்ற பிறகும் அவர் கைப்பேசியை வைப்பதில்லை. சாப்பிட்டாயிற்றா, மழை உண்டா, அடுத்த விடுமுறை எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கணினிக்குள் நமக்கு ஐந்து நிமிட வேலைதான் இருந்திருக்கும். அன்றைய உரையாடலோ அரைமணி நேரம் நீளும்.