மூன்றாவது கால்

தமிழ்நாட்டுக்குப் போய் வரும் சொந்தக்காரர்கள் பெட்டியைப் பிரிக்கும்போதே எனக்குப் போன் வந்துவிடும். பட்டர்வொர்த்தில் எங்கள் தாமானில் நாலைந்து வீடுகளுக்கு நான்தான் கரண்டு டாக்டர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டம், பிறையில் தொழிற்சாலை வேலை. அவர்களுக்கு அது போதும். சேலைகளுக்கு நடுவே மிக்ஸி சுற்றி வைத்திருக்கும். சில வீடுகளில் கல்லோடு சேர்த்து முழு வெட் கிரைண்டரே வந்திறங்கும். கேள்வி மட்டும் மாறாது. "தம்பி, அங்க உள்ள வோல்ட் இங்க ஒத்து வருமா?"

வரும். இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே ரொம்ப நாளாக 240 என்று சொல்லிப் பழகிவிட்டோம். 2008 முதல் மலேசியாவிலும் அதிகாரபூர்வமாக 230 தான், அதே 50 ஹெர்ட்ஸ். கோயம்புத்தூர் கிரைண்டருக்குக் கடல் தாண்டியதே தெரியாது.

வோல்ட்டுக்குப் பயப்பட வேண்டியது ஜப்பான், அமெரிக்கா, தைவான் சாமான்களுக்கு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலிருந்து பயிற்சிக்குப் போகிறவர்கள் ஆசைப்பட்டு வாங்கி வருவார்கள். ஜப்பானில் 100 வோல்ட். சூடாக்கும் சாமானில் வோல்ட் இரண்டு மடங்கானால் இழுக்கும் சக்தி நான்கு மடங்காகும். 100க்குச் செய்த ரைஸ் குக்கரை நம் வீட்டில் செருகினால் ஐந்து மடங்குக்கும் மேல். சோறு வேகாது, குக்கர்தான் வேகும். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம்தான். ஆனால் குக்கரின் வாட்டைத் தாங்குகிற ஒன்றைத் தூக்கி வைக்கவே தனி மேசை வேண்டும். போன், லேப்டாப் சார்ஜர்களுக்கு இந்தக் கவலை இல்லை. முதுகில் 100–240 என்று அச்சடித்திருந்தால் எங்கேயும் செருகலாம்.

ஆக, இந்தியச் சாமானில் யாரும் கேட்காத விஷயம்தான் ஆபத்து. பிளக்.

நமக்கும் இந்தியாவுக்கும் பிளக்கைக் கொடுத்தவன் ஒரே வெள்ளைக்காரன்தான், கொடுத்த காலம் வேறு. இந்தியாவில் இன்றும் இருக்கிற மூன்று உருண்டைக் கால் பிளக்கின் மூலம் 1934இல் வந்த பி.எஸ். 546. அதன் 15 ஆம்பியர் அண்ணனை நம் வீட்டு ஏர்கோண்டில் பார்த்திருப்பீர்கள். நாம் தினமும் செருகும் சதுரக் கால் பிளக் 1947இல் வந்த பி.எஸ். 1363. போர்க்காலத்தில் இதற்காகக் கூடிய பிரிட்டிஷ் குழுவில் இருந்த ஒரே பெண், கரோலின் ஹாஸ்லெட் என்ற பொறியாளர். சிறு பிள்ளைகள் எதையாவது ஓட்டையில் விட்டுவிடாமல் மூடி இருக்க வேண்டும் என்பது அந்தக் குழு வைத்த தேவைகளில் ஒன்று. அதனால்தான் மேலே உள்ள எர்த் கால் மற்ற இரண்டையும்விட நீளம். அது முதலில் உள்ளே போய் மூடியைத் திறந்துவிடும். பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸும் இருக்கும். இந்திய பிளக்கில் அது கிடையாது.

அந்த மூடியை மலேசியாவில் எப்படித் திறப்பது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேனா. மேல் ஓட்டையில் பேனாவை அழுத்தி, கீழே இரண்டு கால் பிளக்கைத் தள்ளுவது. தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் ஒற்றுமையாகச் செய்கிற காரியம்.

பெரியம்மா வீட்டில் பேனாகூட இல்லை. விமான நிலையத்தில் விற்கிற, எல்லா நாட்டுக்கும் பொருந்தும் அடாப்டர். கிரைண்டரின் மூன்று காலும் அதில் அழகாகப் போய் உட்கார்ந்தது. ஆனால் இந்த வகைப் பலவற்றில் மூன்றாவது ஓட்டை வெறும் பிளாஸ்டிக். கால் உள்ளே போகும், எந்த உலோகத்தையும் தொடாது. பெரியம்மா காலையில் பசியாற தோசைக்கு முந்தின நாள் மாவாட்டுவார். தரை எப்போதும் ஈரம். "தொட்டா லேசா சுருக்குங்குதுடா. செருப்பு போட்டுக்கிட்டா ஒன்னும் இல்ல," என்றார், ஏதோ கைவைத்தியம் சொல்வது போல.

அந்தச் 'சுருக்'தான் எனக்குப் பயம். ஈரம் பட்டுப்பட்டு மோட்டாரில் இன்சுலேஷன் தளர்ந்தால், எர்த் இருக்கும்போது கசிகிற கரண்டு அந்த வழியாகப் போய்விடும். அதிகம் கசிந்தால் வீட்டு முகப்பில் உள்ள ஈ.எல்.சி.பி. உடனே விழும். எர்த் இல்லையென்றால் கரண்டு கிரைண்டரின் உடம்பிலேயே காத்திருக்கும், யாராவது தொடும் வரை. ஈ.எல்.சி.பி.க்கு அப்போதுதான் விஷயம் தெரியும். 30 மில்லிஆம்பியருக்கு மேல் உடம்பில் ஓடினால் உயிருக்கே ஆபத்து. எங்கள் தாமானின் பழைய வீடுகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் 100 மில்லிஆம்பியரில் விழுகிற வகை.

சரிசெய்வது பத்து நிமிட வேலை. இந்திய பிளக்கை வெட்டிவிட்டு சிரிம் முத்திரை உள்ள 13 ஆம்பியர் பிளக்கை மாட்டணும். பழுப்பு வலது, நீலம் இடது, பச்சை-மஞ்சள் மேலே. என் வயதுக்காரர்கள் கெமாஹிரான் ஹிடுப் வகுப்பில் இதைக் கையால் செய்து மார்க் வாங்கியிருக்கிறோம். கிரைண்டருக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். பிளக்கோடு வரும் 13ஐ அப்படியே விட்டுவிடுவார்கள், அதைக் கழற்றணும். கசிவைச் சரிபார்க்காமல் விடவும் கூடாது. பெரியம்மாவின் மோட்டாரைக் கழற்றிக் காயவைத்து மீட்டரில் அளந்த பிறகுதான் பிளக்கில் கைவைத்தேன். சுவரில் உள்ள சாக்கெட்டுக்கு எர்த் வருகிறதா என்பது தனிக் கேள்வி. பழைய வீடுகளில் அதை நம்பி இறங்க முடியாது.

பிளக்கை வெட்டப் பெரியம்மா லேசில் சம்மதிக்கவில்லை. "ஊர்ல இருந்து வந்தது, அப்படியே இருக்கட்டும்டா." அந்த மூன்று உருண்டைக் காலில் அவருக்கு என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. வெட்டிய பிளக்கைக் கழுவித் துடைத்து மேசை டிராயரில் வைத்துக்கொண்டார்.

கடைசியாக முகப்புப் பெட்டியைத் திறந்து ஈ.எல்.சி.பி.யின் 'டெஸ்ட்' பட்டனை அழுத்திப் பார்த்தேன். மாதம் ஒருமுறை அழுத்த வேண்டியது. அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்ததிலிருந்து யாரும் தொட்டதில்லையாம். டப்பென்று விழுந்தது, நல்ல வேளை. சீரியல் பாதியில் நின்றுவிட்டது என்று உள்ளேயிருந்து பெரியப்பா கத்தினார்.